மாதம்மாள் வைத்த சாய்வு

சோளக்காடு சந்தையில் மாதம்மாளின் கடைக்கு அடையாளம் சொல்வது சுலபம். பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே, அன்னாசிக் குவியல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பழம் கேட்கிறவரை "பொறுங்க சாமி, இந்த ஒரு அடி அடிச்சுக்கறேன்" என்று நிறுத்தி வைக்கிறவள் மலை முழுக்கத் தேடினாலும் அவள் ஒருத்திதான். போனில் அவள் அடிப்பது கோல்ஃப் பந்து. நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்கு, அதுவும் அரியூர் நாட்டு மலைக்காட்டில் மரவள்ளி போட்டு மிளகு பறித்துப் பிழைக்கிறவளுக்கு, இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. பக்கத்துக் கடைக்காரர் பொழுதன்னைக்கும் போனில் சீட்டாடுகிறார். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பழக்கம் வந்தது கால் முறிந்த தை மாசத்தில். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைப் பறித்துக்கொண்டிருந்தவள் ஒற்றை மூங்கில் ஏணியோடு சரிந்து விழுந்தாள். மாவுக்கட்டு போட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். புருஷன் சின்னுசாமி காலையில் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். சுடுகிற விளையாட்டு, கார் ஓட்டுகிற விளையாட்டு, மிட்டாயை அடுக்குகிற விளையாட்டு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சலித்துப் போனபோதுதான் இது கண்ணில் பட்டது. மேடும் பள்ளமுமாக ஒரு சரிவு, அங்கங்கே மரம், ஒரு குட்டை, தூரத்தில் கொடி நட்ட குழி. யாரோ மாட்டை அவிழ்த்துவிட்டு மேயவைத்த மலைச்சரிவு மாதிரி இருந்தது. அந்தக் குழிக்குள் பந்தைத் தள்ள வேண்டும், எத்தனை குறைந்த அடியில் தள்ளுகிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான் ஆட்டம்.

ஆனால் அவளைப் பிடித்து வைத்தது ஆட்டம் அல்ல, ஆட்டத்துக்குள் இருந்த பை. பை நிறையத் தடிகள். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று, மணலில் விழுந்த பந்தைத் தோண்டி எடுக்க ஒன்று. ஒவ்வொரு தடியையும் தொட்டால் அதன் முகத்தை எவ்வளவு சாய்த்து வைக்கலாம், எவ்வளவு கனம் வைக்கலாம், தண்டு விறைப்பாக இருக்கட்டுமா வளைந்து கொடுக்கட்டுமா என்று கேட்கும். சாய்வைக் கூட்டினால் பந்து உயரப் போய்ப் பொத்தென்று விழுந்து நிற்கும், ஆனால் தூரம் போகாது. குறைத்தால் தாழப் பறந்து, தரையைத் தொட்ட பிறகும் ஓடும்.

கேட்டது என்பதுதான் விஷயம். அவளைக் கேட்டு யாரும் எதையும் வைத்தது கிடையாது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியபோது கேட்கவில்லை. சின்னுசாமிக்குக் கட்டி வைத்தபோது கேட்கவில்லை. சந்தையில் எந்த இடத்தில் கடை போடுவது என்பதைக்கூட புருஷனின் அண்ணன் மச்சாண்டார்தான் வந்து காலால் கோடு கிழித்துக் காட்டிவிட்டுப் போனார். கட்டிலில் கிடந்தவளிடம் இந்தப் போன் மட்டும் ஒவ்வொரு தடிக்கும் நின்று, உனக்கு எப்படி வேண்டும் என்று கேட்டது. அவள் கால் கூடி எழுந்த பிறகும் விடாததற்குக் காரணம் இதுதான்.

அவள் வைத்த விதம்தான் யாருக்கும் புரியவில்லை. எல்லாத் தடிக்கும் சாய்வைத் தூக்கி வைத்திருந்தாள். காரணம் விளையாட்டில் இல்லை, தினைக்காட்டில் இருந்தது. சின்ன வயசில் பரண்மேல் உட்கார்ந்து கிளி விரட்டியவள் அவள். கவணில் கல் வைத்து வீசும்போது கல் கதிருக்கு மேலேயே போய், காட்டைத் தாண்டித்தான் விழ வேண்டும். தாழப் போனால் கிளி தின்கிறதைவிடக் கல் உதிர்க்கிறது அதிகமாகிவிடும். அது உருண்டு இறங்கினால் கீழ்த்தட்டுக் காட்டுக்காரன் வேறு சண்டைக்கு வருவான். ஆகவே எதை வீசினாலும் உயர வீசுவது என்பது அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பைசல். சேந்தமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவர், மிளகு வாங்க மலைக்கு வந்துபோகிற குடும்பம். அவரும் இதே விளையாட்டுக்காரர். ஒரு நாள் அவள் போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, எல்லாத் தடியும் வானத்தைப் பாத்துக் கெடக்குது?"

"கீழ போனாப் பயிர் அடிபட்டுப் போயிருமில்லீங்க தம்பி" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"இதுல ஏதுக்கா பயிரு? வெறும் புல்லு."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சாய்வைக் குறைத்து ஆடிப் பார்த்தாள். பந்து தரையில் விழுந்து, அவள் சொல்லாத இடத்துக்கெல்லாம் ஓடியது. விழுந்த இடத்தில் நிற்காத பந்து யாருக்கு வேண்டும்? மறுபடி தூக்கி வைத்தாள். தூரம் குறைவதற்கு ஈடாகச் சரிவையும் மேட்டையும் பார்த்து ஆடப் பழகிக்கொண்டாள். நிறையத் தோற்றாள், பிறகு நிறைய ஜெயிக்கவும் செய்தாள். பைசல் தன் டீமில் சேர்த்துக்கொண்டார்.

மூன்று பேர் டீம். மாதம்மாள், பைசல், அப்புறம் கேப்டன் இளங்கோ. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்தது மட்டும்தான் உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நம்புகிற ரகம். ஏதோ வீடியோவில் பார்த்து ஒரு செட்டிங் வைத்திருந்தார், எல்லாத் தடிக்கும் சாய்வு தாழ்ந்தது. மூன்று பேரும் அதையே வைக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்வார். மாதம்மாள் "சரிங்க" என்பாள், வைக்க மாட்டாள்.

ஊருக்கு ஊர் டீம்கள் போனிலேயே மோதுகிற போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்தில் ஈரோட்டு டீமை ஜெயித்தால் கடைசிச் சுற்றுக்குக் கோயமுத்தூருக்குப் போகலாம். அங்கே ஒரு மண்டபத்தில், பெரிய திரையில், ஆடுகிறவர் பேரைப் போட்டு ஆட விடுவார்கள். மாதம்மாள் போனில் தன் பேரை "மாதம்மாள், அரியூர் நாடு" என்றுதான் போட்டிருந்தாள். அதை அத்தனை பெரிசாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. கடையைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலையிலேயே இளங்கோவும் பைசலும் காரில் மலையேறி வந்துவிட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஆடினால் நல்லது என்பது இளங்கோவின் யோசனை. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இறங்கினார். அந்த நேரம் பார்த்து இரண்டு பஸ் சேர்ந்து வந்து நின்றது. மாதம்மாள் அன்னாசியைச் சீவி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பதில் இருந்தாள்.

"உங்க போனை ஒரு நிமிசம் பாக்கறேங்க்கா" என்றார் இளங்கோ.

"பாருங்க" என்றாள். பார்ப்பார் என்றுதான் நினைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஓர் அடி அடித்தாள். பந்து தவளை மாதிரி தாழக் குதித்துப் போய்க் குட்டையில் விழுந்தது. பையைத் திறந்தாள். அத்தனை தடியும் இளங்கோ செட்டிங்கில் இருந்தது. அவள் வைத்திருந்த பழைய அளவுகளின்மேலேயே இதைப் பதிந்திருந்தார். திரும்ப எடுக்க வழியில்லை.

"என்னுங்க தம்பி இது?"

"சரி பண்ணி வெச்சிருக்கறேங்க்கா. இனிப் பாருங்க, எப்படிப் போகுதுன்னு."

"யாரைக் கேட்டுங்க பண்ணுனீங்க?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? டீமோட நல்லதுக்குத்தானே."

மாதம்மாளுக்கு ஒரு குணம். கோபம் ஏற ஏற மரியாதை கூடிக்கொண்டே போகும். தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். பைசல் தள்ளி நின்றார்.

"நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க. நானு நாமக்கல்லுக்கு வந்துங்க, நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல உங்க ஆபீசு மேசையைத் திருப்பிப் போட்டுட்டுங்க, நல்லதுக்குத்தானுங்கன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களாங்க?"

இளங்கோவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பழைய மாதிரியே வெச்சு ஆடித் தோத்தீங்கன்னா பழி உங்க மேலதாங்க்கா. பாத்துக்குங்க."

"வரட்டுங்க. என் மேல வர்றது வரட்டுங்க."

அந்நேரம் மரவள்ளி மூட்டையோடு வந்து இறங்கிய சின்னுசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் அவரு சொல்றாப்பல வெச்சாத்தான் என்ன புள்ள? கோயமுத்தூர் போவோணும்னு நீதானே துடிச்சே?"

"போவோணுமுங்க. ஆனாப் போறது நானா இருக்கோணுமுங்க."

சின்னுசாமி மூட்டையை இறக்கப் போய்விட்டார்.

அவள் எதையும் குறித்து வைக்கிறவள் இல்லை. ஒவ்வொரு தடியாக எடுத்து, சாய்வைத் தூக்கி, ஓர் அடி அடித்து, விழுகிற இடத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தூக்கி, மறுபடி அடித்து, கைக்குச் சரி என்று பட்டதும் அடுத்த தடிக்குப் போனாள். பழம் கேட்டு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்தாள். மத்தியானச் சோறு தூக்குப்போசியிலேயே ஆறிப்போனது. பொழுது இறங்குவதற்குள் பை மறுபடி அவளுடையதாகிவிட்டது.

சாயங்காலம் பனி இறங்கத் தொடங்கியபோது ஆட்டம் தொடங்கியது. இளங்கோவும் பைசலும் டீக்கடை பெஞ்சில், அவள் தன் கடையில். மூன்று பேர் அடித்ததையும் கூட்டித்தான் கணக்கு. நன்றாகவே ஆடினாள். அவள் உயரத் தூக்கிய பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்து அப்படியே நின்றபோது பைசல் பெஞ்சிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். இளங்கோவின் பந்து ஒருமுறை ஓடிப்போய் மணலில் விழுந்தது. மாதம்மாள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள், ஆனால் பார்த்தாள்.

கடைசிக் குழி வந்தது. மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். கணக்கு நெருங்கி நின்றது. குட்டையைத் தாண்டி இந்த ஓர் அடியில் அந்தப் பக்கப் புல்லில் பந்தை இறக்கிவிட்டால், அடுத்த அடியில் குழிக்குள் தள்ளி ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்துவிடலாம். காற்று நேர் எதிரே அடிக்கிறது என்று திரையில் காட்டியது. எதிர்காற்றில் உயரப் போகிற பந்து தடுமாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கொஞ்சம் பலமாக அடித்தால் தாண்டிவிடும் என்று நினைத்தாள். அடித்தாள். பந்து மேலே போய், ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு பின்வாங்கி, குட்டையை மட்டும் தாண்டி, புல்லுக்கு முன்னால் மணலில் விழுந்தது. அதிலிருந்து எடுத்துக் குழிக்குள் தள்ளுவதற்குள் இரண்டு அடி கூடிப்போனது. ஓர் அடி வித்தியாசத்தில் ஈரோடு ஜெயித்தது.

இளங்கோ எழுந்து வந்தார். "நான் சொன்னனுங்களா இல்லீங்களா?"

"அந்த அடி தப்புத்தானுங்க" என்றாள் மாதம்மாள். "தாழ அடிச்சிருந்தாப் போயிருக்கும். தோத்தது என்னாலதானுங்க."

அவள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனசு இளகிவிட்டது. "சரி விடுங்க்கா. அடுத்த வருசமும் கோயமுத்தூர் இருக்குதில்ல. நீங்க நல்லா அடிக்கறீங்க, உங்களை விடறதுக்கு எனக்கு மனசில்ல. பாஸ்வேர்டை மட்டும் எங்கிட்டக் குடுத்துடுங்க. செட்டிங்கை நான் பாத்துக்கறேன். நீங்க அடிச்சாப் போதும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டீமில் இருக்க வேண்டும், திரையில் பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அந்த நிமிஷமும் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. இருந்தும் தலையாட்ட முடியவில்லை.

"அடிக்கறதுக்கு ஒரு கை மட்டும் போதும்னா, அதுக்கு வேற கையைப் பாத்துக்குங்க" என்று சொல்லி, அவர் எதிரிலேயே டீமை விட்டு விலகுகிற பொத்தானை அழுத்தினாள்.

"அவசரப்படாதீங்க்கா" என்றார் பைசல்.

"அவசரமில்லீங்க தம்பி. காலைல இருந்து இதைத்தானே யோசிச்சுட்டிருக்கறேன்."

கார் கிளம்பிப் போனது. மாதம்மாள் அன்னாசித் தோலைக் கூட்டி அள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள், மறுபடி வந்தது. சின்னுசாமி டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

டீ குடித்து முடித்ததும் அவள் போனை எடுத்தாள். பையைத் திறந்து, குட்டையைத் தாண்ட எடுத்த அந்தத் தடியைத் தொட்டாள். பிறகு அதன் சாய்வைக் கொஞ்சம் இறக்கினாள். எதிர்காற்றை வைத்து ஓர் அடி அடித்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கி அடித்தாள். பந்து காற்றுக்கு அடியில் நுழைந்து, குட்டையைத் தாண்டி, அந்தப் பக்கப் புல்லில் போய் நின்றது.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சின்னுசாமி மெதுவாகக் கேட்டார். "இதைத்தானே புள்ள அந்தத் தம்பியும் சொன்னாரு?"

"அவரு கேக்கலீங்க. மாத்துனாரு" என்றாள் மாதம்மாள், அடுத்த தடியை எடுத்துக்கொண்டே.