எடுக்காத அழைப்பு

சதாசிவம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நிலத்தரகர் பொன்னுச்சாமி. "உங்களுக்குத்தானுங்க முதல்ல சொல்றேன்" என்றார். ஒரு சாவைக்கூட உள்தகவல் போலத்தான் அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியும்.

சதாசிவத்தின் ஊர்க்காரர்களான கொழிஞ்சாம்பாறைக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மத்திய வங்கியில் வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுவின் அலுவலகத்தில் சதாசிவம் இருந்தார். நான் அதே கட்டடத்தில் வேறு பிரிவு. முடிவு வெளியாகும்வரை அதுபற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. இவர் ஒரு படி மேலே போய், முடிவு வெளியாகும் வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள் யாருடைய போனையும் எடுக்க மாட்டார். எனக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

அந்த மௌனத்தையும் பொன்னுச்சாமி விற்றார். சதாசிவத்தின் தங்கை சரசு தென்னந்தோப்பின் மேல் கடன் வாங்கியிருந்தார். "உங்கண்ணன் போனெடுக்கல பாத்தீங்களா? வட்டி எகிறப்போகுதுங்க. தவணை கட்டி மாளாது, இப்பவே வித்துப்போடுங்க" என்று அவரிடம் ஓதினார். சரசு அண்ணனைத் திரும்பத் திரும்ப அழைத்தார். அவர் எடுக்கவில்லை. தோப்பு அடிமாட்டு விலைக்குப் போனது. வாங்கியவர் பொன்னுச்சாமியின் மைத்துனர். அந்த வாரக் கடைசியில் அறிவிப்பு வந்தது. வட்டியில் மாற்றமே இல்லை.

"அன்றைக்கு எடுத்திருக்கலாமே?" என்று பின்னாளில் சதாசிவத்திடம் கேட்டேன்.

"எடுத்தா விக்காதேன்னு சொல்லிப்போடுவேனுங்க. நாஞ் சொன்னா அது பாசம், அடுத்தவன் சொன்னா தகவல் கசிவுங்களா?" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

சதாசிவமே தனக்குத் துப்புக் கொடுப்பதாகப் பொன்னுச்சாமி பீற்றியது வங்கிவரை எட்டி, விசாரணை வந்தது. எடுக்காத அந்த அழைப்புகளே சதாசிவத்தைக் காப்பாற்றின. ஆனாலும் மறுபடி அந்தப் பிரிவுக்குள் அவரை விடவில்லை. சரசுவும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீங்களோ, ஊருக்கு ஒரு துப்பும் கொடுக்காத கஞ்சன் என்று அவரைத் திட்டினீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் பொன்னுச்சாமி பெரிய மாலையோடு வந்தார். "எங்கிட்ட மட்டும் அப்பப்போ காதுல போட்டுவெப்பாருங்க" என்று மைக்கில் சொன்னார். நீங்கள் பக்தியோடு தலையாட்டினீர்கள். அருவருப்பாக இருந்தது.

சரசு எழுந்தார். "எந் தோப்பு போனப்பவே எங்கண்ணன் வாயத் தொறக்கலீங்க. உங்களுக்குத் தொறந்தாராக்கும்? ஒக்காருங்க."

பொன்னுச்சாமி உட்கார்ந்தார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் சதாசிவம் என்னிடம் ஒரு தகவலும் விட்டுப்போகவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு மிச்சம். என் தங்கை அழைத்திருந்தால் நான் எடுத்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.