பொண்ணு பங்கு

எங்கள் நைனாவுக்குத் தொழில் மரம் வெட்டுவது. எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, என் பள்ளிச் சீருடை எல்லாமே சவுக்கிலிருந்து வந்தவை. அவர் அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. நைனாவுக்குத்தான் செய்யூர்ப் பக்கம், கடலோர மணலில், சொந்தமாக ஒரு துண்டு வாய்த்தது. அதில் சவுக்கு நடுவார், நாலைந்து வருஷத்தில் வெட்டுவார். கம்பெல்லாம் சாரம் கட்டவும் பந்தல் போடவும் லாரி ஏறிப் போகும், வேர்க்கட்டை செங்கல் சூளைக்கு. மறுபடி நடுவார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, பூமி சூடாகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பனி உருகுமாம், கடல் ஏறுமாம், மரம்தான் நமக்குத் துணையாம். அப்புறம் ஊர்வலம். ‘மரத்தை வெட்டாதே’ என்று அட்டை பிடித்துக் கத்திக்கொண்டு முதல் ஆளாக நான் போனேன். தெருமுனை திரும்பினால், எங்கள் நைனா லாரியில் கம்பு ஏற்றிக்கொண்டு நிற்கிறார்! கூட வந்ததுகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரிக்க, அவர் கையை ஆட்டி, “சத்தமா கத்துடி என் கண்ணு!” என்றார். என் மானம் கப்பலேறியது.

சாயங்காலம் வீட்டில் சண்டை. “கடல் ஏறிகினு வருதாம். நீ இன்னான்னா மொத்தத்தையும் மொட்டை அடிக்கிற.”

“வெட்டலன்னா சோத்துக்கு இன்னா பண்றது? உங்க வாத்தியாரு போடுவாரா?”

“அதுக்குன்னு எல்லாத்தையுமா?” என்று கேட்டு அழுதேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வரும்.

“உங்க ரெண்டு பேரால ஒரே பேஜாரா கீது” என்று அம்மா தட்டை நங்கென்று வைத்தாள்.

அடுத்த வெட்டில் கடல் பக்கத்து இரண்டு வரிசையை நைனா விட்டுவிட்டார். வந்த காற்றையெல்லாம் வாங்கி வளைந்துபோன மரங்கள், வியாபாரியே முகம் சுளிப்பார். “அது எம் பொண்ணு பங்கு, கத்தி வைக்காத” என்று ஆட்களிடம் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த வரிசைக்குப் பெயரே அதுதான். “பொண்ணு பங்குல ஆடு மேயுது, ஓட்டிவுடு” என்று பக்கத்து நிலத்திலிருந்து குரல் கொடுப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஆழிப்பேரலை வந்த வருஷம் அந்த இரண்டு வரிசைதான் எங்களைக் காப்பாற்றியது என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக்கூடாது, தண்ணீர் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் முன்பெல்லாம் வெட்டு முடிந்த வருஷங்களில் மணல் பறந்து வந்து பக்கத்து நிலத்து வேர்க்கடலைச் செடியை மூடிவிடும், சோற்றில் நறநறவென்று கடிபடும். வரிசை நின்ற பிறகு அது நின்றது. மரங்களும் பருத்தன. முகம் சுளித்த அதே வியாபாரி இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆழிப்பேரலைக்கு அடுத்த வருஷம் எனக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு வேலை, வீடு எல்லாம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில். பெண் பார்க்க வந்த அன்று கேசரியில் கிடந்த முந்திரியை ஓரமாக ஒதுக்கி, கடைசியில் எடுத்துத் தின்றார். நானும் அப்படித்தான் தின்பேன். எனக்குப் பிடித்துப்போயிற்று.

நிச்சயம் பேச உட்கார்ந்தபோது அவருடைய அம்மா கேட்டார், “பொண்ணு பங்கு, பொண்ணு பங்குன்னு ஊரே சொல்லிகினு கீதே, அதை எப்ப வெட்டுவீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. பொண்ணு பங்கு என்றால் பொண்ணோடு போவதுதானே! ஐயோ, இல்லை என்றால் இந்த இடம் கைவிட்டுப் போகும். சரி என்றால் நாளைக்கே லாரி வந்து நிற்கும். எனக்கு இரண்டும் வேண்டும்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். “அது வெட்ற பங்கு இல்ல, சம்பந்தியம்மா. நிக்கிற பங்கு. செலவுக்கு உள்தோப்பு கீது, அதை வெட்டிடறேன்.”

“அது இன்னும் முத்தலயே, நைனா!” என்றேன். வரிசைக்குப் பின்னால், நட்டு மூன்று வருஷம்கூட ஆகாத மரம். அதை வெட்டினால் பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள்.

“நட்டா வந்துடும்” என்றார் நைனா.

“அந்த வரிசை நிக்கட்டும்மா” என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

“நான் இன்னா, கேட்டேன், அவ்ளோதான்” என்று அந்த அம்மா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில். பந்தலுக்கு வாடகைக் கம்பு எடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். “சவுக்குக்காரன் வூட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக் கம்பா?” என்று நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த முத்தாத கம்புகளையே நட்டுப் பந்தல் போட்டார். முகூர்த்த நேரத்துக்குக் கடல் காற்று எழுந்ததும் பந்தல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நைனா ஓடிப்போய் ஓரத்துப் பந்தல்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பிரியும் துக்கத்தில் கம்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். என் கழுத்தில் தாலி ஏறும்வரை அவர் பிடியை விடவில்லை. அழவும்தான் செய்தார்.