நித்யாவுக்குக் கிடைக்கக் கூடாது என்று வேண்டினேன்

போன வருடம் மழை தொடங்கிய நேரத்தில் என் படிப்பு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. நான் கலா. மட்டாஞ்சேரியில், நம் மாரியம்மன் கோயில் தெருவில்தான் வீடு. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். வைப்பின் தீவின் கரையோரச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் என் பாடம். எனக்கு வழிகாட்டும் டீச்சரின் திட்டம் ஒன்றிலிருந்து மாதாமாதம் சம்பளம் வந்தது. திட்டம் முடிந்தது. சம்பளமும் நின்றது.

அதே ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை நித்யாவுடையது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், இப்போது ஆலுவாவில் வீடு. இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். பல்கலைக்கழக உதவித்தொகை அப்போது ஒன்றுதான் இருந்தது. நுழைவுத் தேர்வில் அவள் முதலிடம், நான் அடுத்த இடம். அவளுக்குக் கிடைத்தது.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு. அவளுக்கு ஹாஸ்டலில் அறை. நான் பஸ்ஸில் கசங்கிப் போய்ச் சேரும்போது அவள் ஈரத்தலையோடு பாதி வேலையை முடித்திருப்பாள். பெங்களூரில் மரபணுப் பயிற்சிக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம் என்றார்கள். அவள் போனாள். திரும்பி வந்து எனக்கும் கற்றுத் தந்தாள், பொறுமையாக, நன்றாகவே. கற்றுத் தந்தது அவள் என்பதாலேயே அது என் மண்டையில் ஏறவில்லை.

புதன்கிழமைகளில் ஆராய்ச்சி மாணவர்கள் கூடுவோம். ஒருவர் தன் வேலையை விளக்குவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு கான்டீனில் சாயாவும் பழம்பொரியும். நான் பேசும்போது குறிப்பெடுப்பார்கள். நித்யா பேசும்போது ரசித்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டியிருந்தது. சம்பளம் நின்ற பிறகு புதன்கிழமைகளில் போவதை விட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, நித்யா தேசிய உதவித்தொகைக்கு நேர்முகம் வரை போயிருக்கிறாள் என்று. நானும் விண்ணப்பித்திருந்தேன். என்னைக் கூப்பிடவே இல்லை.

வெள்ளிதோறும் கோயிலுக்கு வந்து விளக்குப் போட்டேன். பக்கத்தில் நின்ற உங்களில் யாருக்கும் தெரியாது நான் என்ன வேண்டினேன் என்று. எனக்கு ஒரு வழி காட்டு தாயே. அவளுக்கு அது கிடைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்டேன். இரண்டாவதைத்தான் அழுத்திக் கேட்டேன்.

அவளுக்குக் கிடைத்தது.

ஆய்வகத்தில் லட்டு கொடுத்தார்கள். கை தட்டினேன். லட்டைக் கழிவறையில் துப்பிவிட்டு வந்தேன். அன்று மாலை அம்மன் முன்னால் நின்று அழுதேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். அவளுக்கே அள்ளிக் கொடுக்க நீ யாருடைய அம்மை என்று கேட்டேன். பூசாரி திரும்பிப் பார்த்தார்.

தோப்பும்படியில் ஒரு டியூஷன் சென்டரில் அப்பா எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். முழுநேர வேலை. திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டு ஆராய்ச்சியை விடுவதென்று முடிவு செய்தேன். கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றார். "மோளே, வேற வழி உண்டெங்கில் நான் இதைச் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டீச்சர் என்னைப் பேச விடவில்லை. உட்காரச் சொன்னார். தேசிய உதவித்தொகை கிடைத்தவர் பல்கலைக்கழகத்தினுடையதை விட்டுவிட வேண்டும், அது தேர்வில் அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போகும் என்றார். அடுத்த இடத்தில் இருந்தது நான்.

வேண்டியபடி நடந்திருந்தால், நித்யாவுக்கு அது கிடைக்காமல் போயிருந்தால், நான் டியூஷன் சென்டரில்தான் இருந்திருப்பேன். என் கதவைத் திறக்கத்தான் அம்மன் அவளுடைய கதவைத் திறந்தாள். நான் அதை மூடச்சொல்லி அழுதுகொண்டிருந்தேன்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். புதிய பணம் வர மாதங்கள் ஆகும், அதுவரை பழையதை நித்யா வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த மாதம் தாண்டினால் அந்த இடம் அடுத்த வருடம் சேருபவர்களுக்குப் போய்விடும். அதனால் அவள் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் அம்மனோடு சண்டை போட்ட அதே வெள்ளி.

நித்யாவிடம் போனேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே, "எனக்கு ஆத்துல அப்பா இருக்கார், சமாளிச்சுக்கலாம். நோக்கு அப்பாவோட பென்ஷன் பத்தாது, இல்லையா?" என்றாள்.

அந்த வார்த்தை சுட்டது. உண்மையாக இருந்ததால் இன்னும் சுட்டது. நன்றி சொன்னேன். இவ்வளவு லேசாகக் கொடுக்கிற மனசு இவளுக்கு எப்படி வாய்த்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். இதை மறைத்துவிட்டு சாட்சி சொன்னால் அம்மன் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

இப்போது புதன்கிழமைகளில் போகிறேன். பெங்களூர்ப் பயிற்சியில் அவள் கற்றதை மறுபடி ஒருமுறை சொல்லித்தரக் கேட்டேன். இந்தமுறை ஏறியது. அப்பா டியூஷன் சென்டருக்குப் போய், மகள் வரமாட்டாள் என்று தானே சொல்லிவிட்டு வந்தார். அன்று அவர் நடந்து வந்த நடை எனக்குப் புதிதாக இருந்தது.

போன மாதம் நித்யாவின் கட்டுரை ஒரு பெரிய இதழில் வந்தது. வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவளுக்கு என்ன நடக்க வேண்டும் என்று அம்மனுக்கு நான் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறேன். எந்த வழியாகத் தருவது என்பதை அவளிடம் விட்டுவிடுகிறேன்.

உங்களில் யாருக்காவது ஒரு வேண்டுதல் இருந்து, அதோடு வெளியே சொல்ல முடியாத எரிச்சலும் இருந்தால், அது ஆறட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அதோடேயே வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன். அம்மன் முகம் திருப்பவில்லை.