பொங்கல் அடுப்பும் பத்தரை மணி மேடும்

1. மூச்சு விடாதே

டெக்சாஸில் ரிச்சர்ட்சன் ஊரில் நான் பார்த்த வேலையை என் சொந்தக்காரர்கள் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்குன்னு அளக்கிறேன்" என்றால், பாளையங்கோட்டையிலிருந்து என் சித்தி போனில் சிரிப்பார். "இங்க இல்லாத காத்தா அங்க இருக்கு?"

கம்பெனி சின்னது. பின்பக்கப் புல்வெளியில் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில் காற்றை உறிஞ்சும் குழாயும் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கும். குழாய் உள்ளே வந்து, வாயுவை அளக்கும் அனலைசரில் சேரும். முதல் நாள் குழாயின் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். கிட்டே குனிந்து, "எவ்வளவு சின்னதா இருக்கு!" என்று வியந்தேன். உள்ளே ரீடிங் எகிறிவிட்டது. என் மேலாளர் டேல் வெளியே ஓடி வந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான், எனக்கு நினைவில் இருப்பது தமிழில்.

"எஸ்தர், கிட்டப் போனா மூச்சு விடாத. நீ விடுற மூச்சுல வெளிக்காத்தை விட நூறு மடங்கு இருக்கும்."

பிறகு லாக் புக்கைக் கொடுத்து என் கையாலேயே எழுதச் சொன்னார். இத்தனை மணிக்கு, இன்னார் மூச்சு விட்டதால் ரீடிங் கெட்டது. எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த லேபின் சட்டம் அதுதான். காரணம் எழுதப்படாத எந்த ரீடிங்கையும் யாரும் நீக்கக் கூடாது. "பிடிக்காத ரீடிங்கை எல்லாம் எடுக்க ஆரம்பிச்சா, பிடிச்சது மட்டும்தான் மிஞ்சும்" என்பார் டேல்.

2. மூன்று அடுப்பு

எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செல்லத்துரை அங்கிள் தூத்துக்குடிப் பக்கம். முப்பது வருடம் எண்ணெய்க் கம்பெனிகளில் ஜியாலஜிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பூமி சூடாவதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் தட்டோடு எழுந்து சண்டைக்கு வந்துவிடுவார். பிறந்தநாள் பார்ட்டியோ கிறிஸ்துமஸ் கேரலோ, எங்கள் இருவரின் சண்டை இல்லாமல் பந்தி முடியாது.

"பத்தாயிரத்துல நாலு பங்கு இருக்கிற வாயு, அது உலகத்தையே சூடாக்குமாம்மா? கேக்கிறவன் கேனையனா?"

"சாம்பார்ல பெருங்காயம் எத்தனை பங்கு அங்கிள்? வாசனை வரலியா?"

"பெருங்காயத்தை மூக்கு கண்டுபிடிக்கும். இதை உன் மெஷின்தான் சொல்லுது. அந்த மெஷினை யாரு பாத்தா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எங்க ரீடிங் ஃபைல் எல்லாம் பப்ளிக்தான். வெப்சைட்ல கிடக்கு. போய் நீங்களே பாருங்க" என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பொங்கல். எங்கள் தமிழ்ச் சங்கம் பார்க்கை புக் பண்ண மறந்துவிட்டது. வேறு இடங்களில் வெளியே அடுப்பு வைக்க அனுமதி இல்லை. "உங்க கம்பெனி லான் சனிக்கிழமை காலியாத்தான கிடக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என்னிடம் சாவி இருந்தது. டேலிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. காலையில் தெற்குக் காற்று. ஆகவே மூன்று கேஸ் அடுப்புகளையும் கம்பத்துக்கு வடக்கே வைக்கச் சொன்னேன். புகை எல்லாம் கம்பத்தை விட்டு விலகிப் போகும் அல்லவா? பித்தளைப் பானையில் பால் பொங்கியது, எல்லாரும் குலவை போட்டோம். செல்லத்துரை அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளுங்க, நான் கிண்டுதேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

பத்தரைக்கு வாடைக்காற்று திடீரென்று வந்து அடித்தது. ஜனவரியில் டெக்சாஸில் இது சகஜம். ஒரு மணி நேரத்தில் வெயில் காலம் குளிர்காலமாகும். பிள்ளைகள் ஜாக்கெட் எடுக்கக் காருக்கு ஓடினார்கள். பானை ஆவியும் அடுப்புப் புகையும் நேரே கம்பத்தின் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அடுப்பை அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை. பொங்கல் இன்னும் குழையவில்லை.

திங்கட்கிழமை டேல் கேட்டார். "சனிக்கிழமை காலையில கிராஃப்ல ஒரு பெரிய மேடு இருக்கே. இங்க யாராவது வந்தாங்களா?"

"தெரியல டேல்" என்றேன்.

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் கிரீன் கார்ட் ஃபைல் அந்தக் கம்பெனி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் பதினோராவது வருடம். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் சொன்னது பச்சைப் பொய். டேல் தலையைச் சொறிந்துகொண்டே "காரணம் தெரியவில்லை" என்று லாக் புக்கில் எழுதினார். மேடு ஃபைலில் அப்படியே நின்றது.

3. நூலகத்தில்

மார்ச் மாதம் ஊர் நூலகத்தில் ஒரு பொது விவாதம் வைத்தார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் தலைப்பு. ஒரு பக்கம் டேல், இன்னொரு பக்கம் செல்லத்துரை அங்கிள். நானும் என் கணவர் ஜெபராஜும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

அங்கிள் கோட்டு சூட்டில் வந்து திரையில் ஒரு கிராஃப் போட்டார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஃபைல், எங்கள் மேடு.

"இது இந்த ஊர்லயே எடுத்த அளவு. பத்தரைக்கு சி ஓ டூ மலை மாதிரி ஏறுது. அதே பத்தரைக்கு டெம்பரேச்சர் சர்ருன்னு இறங்குது. ஏறினா சூடாகணும்னுதானே சொல்றாங்க? இவங்க மெஷினே இவங்களைப் பொய்யாக்குது!"

கூட்டம் கைதட்டியது. டேல் எழுந்து, ஒரு நாள் காலையை வைத்து எதையும் சொல்ல முடியாது, பல வருடக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கிள் விடவில்லை. "சரி, இந்த மேடு எதனால வந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"தெரியல" என்றார் டேல். என் பொய்தான் அவர் வாயிலிருந்து வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஒரு நாள் கதையே தெரியலியாம், உலகத்துக் கதை சொல்ல வந்துட்டாங்க" என்று இன்னொருவர் சொன்னார். டேலின் காது சிவந்துபோனது.

ஜெபராஜ் என் கையைப் பிடித்து அழுத்தினார். "வாயை மூடிட்டு இரு எஸ்தர். கார்ட் வரட்டும்."

எழுந்துவிட்டேன்.

"அது பொங்கல் அடுப்பு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, மூன்று அடுப்பு, டேலிடம் சொன்ன பொய். "வாடைக்காத்துதான் குளிரைக் கொண்டுவந்துச்சு. அதே காத்துதான் அடுப்புப் புகையைக் கம்பத்துக்குத் திருப்புச்சு. ரெண்டும் ஒரே நேரம் வந்தது அதனாலதான். இந்த மேடு அவருக்கும் சாட்சி இல்ல, எங்களுக்கும் சாட்சி இல்ல."

அங்கிள் திரையையே பார்த்தபடி தமிழில் கேட்டார். "அந்தக் கம்பமா? நான் அதைச் செல்போன் டவர்னுல்லா நினைச்சேன். அப்ப இதுல நான் கிண்டின அடுப்பும் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

அவர் கிராஃபை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

4. சாட்சிக் கையெழுத்து

மறுநாள் டேல் என்னைக் கூப்பிட்டார். "பொங்கல் வச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. நான் கேட்டப்ப தெரியலன்ன பாரு, அதுக்குத்தான்." வேலை போகவில்லை, கார்ட் ஃபைலிலும் அவர் கை வைக்கவில்லை. ஒரு வருடம் சாவி கிடையாது, நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்றார். சரி என்றேன். இன்னொரு சிக்கல் இருந்தது. இரண்டு மாதம் கழித்து என் வாய்வார்த்தையை மட்டும் நம்பி ரீடிங்கை நீக்க முடியாது. ஆதாரம் வேண்டும்.

அந்த வாரமே செல்லத்துரை அங்கிள் லேபுக்கு வந்தார், கையில் செல்போனோடு. பொங்கல் அன்று அவர் மனைவி எடுத்த போட்டோக்கள். அடுப்பு, வேட்டி, கரண்டி, பின்னால் கம்பம். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகி இருந்தது.

"இந்தா, வச்சுக்கோ. சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்."

"இது போனா உங்க கிராஃப் போயிரும் அங்கிள்."

"போகட்டும். நான் இன்னும் உன் கட்சி இல்ல, தெரிஞ்சுக்கோ. அதுக்காகப் பொங்கப் புகையைக் காட்டியா ஜெயிக்கணும்?"

கையெழுத்துப் போட்டார். மேட்டை எடுத்துவிட்டு மீதியைக் காட்டச் சொன்னார். பல வருடக் கோட்டைத் திரையில் போட்டேன். கோடைக்கு இறங்கி, குளிர்காலத்துக்கு ஏறி, வருடத்துக்கு வருடம் மேலே போய்க்கொண்டிருந்தது. கோட்டின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் எண்ணெய் தேடினேன்மா. அதுலதான் மூணு பிள்ளைகளை ஆளாக்கினேன். அதெல்லாம் பாவம்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேசும்போது எனக்கு வயிறு எரியுது. கோபத்துல ஒரு கிராஃப் தேடினேன், கிடைச்சுது."

"நான் பயத்துல ஒண்ணை மறைச்சேன்" என்றேன். இருவரும் காபி குடித்தோம்.

அதன் பிறகும் அவர் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு பார்ட்டியிலும் சண்டை தொடர்ந்தது. புதிய ஃபைலைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுவார், அவ்வளவுதான். போன வருடம் காலமானார். இப்போது பந்தியில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. எஸ்தர் ஆண்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். எனக்குச் சப்பென்று இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள். உங்கள் ரீடிங்கைச் சந்தேகப்படுகிறவரை விரட்டாதீர்கள். என்னை நம்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட எங்கள் ஃபைலைத் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளாக உட்கார்ந்து படித்தவர், என்னை நம்பாத செல்லத்துரை அங்கிள் ஒருவர்தான்.