அம்மாவின் காதில் சொன்ன படங்கள்

பஃபலோ நகரின் கிழக்கே, போலந்துக்காரர்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தவள் பேலா. ரயில்பெட்டிப் பட்டறையில் அடிபட்டு அப்பா இறந்தபோது அவள் கைக்குழந்தை. அம்மா அப்போலோனியா சலவைக்கூடத்தில் துணி பிழிந்து அவளை ஆளாக்கினாள். இங்கிலீஷ் அம்மாவுக்குப் பேசவும் வராது, படிக்கவும் வராது.

சனிக்கிழமை மதியம் இருவரும் லூசெர்ன் தியேட்டருக்குப் போவார்கள். ஊமைப்படக் காலம் அது. திரையில் வரும் எழுத்துகளைப் பிள்ளைகள் படித்து, பெற்றோரின் காதில் போலிஷில் சொல்வார்கள். வரிசைக்கு வரிசை அந்த முணுமுணுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, திரையில் நடப்பதற்கு ஏற்றபடி தியேட்டர்காரர் ரோசெக் வாசிக்கும் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியம். அதன் குழாய்கள் சுவர்களுக்குள் மறைந்திருந்தன. தாழ்ந்த சுரம் எழுந்தால் நாற்காலியே நடுங்கும்.

"சத்தமா சொல்லுடி, எனக்கும் கேக்கட்டும்," என்பாள் பின்வரிசை கபின்ஸ்கா.

"உன் பையன் எங்க போனான்?" என்று அம்மா கேட்பாள்.

"அவனா? பாதியச் சொல்லுவான், மீதிய முழுங்கிடுவான். அவங்கப்பன் புத்தி!"

ஒரு சனிக்கிழமை, கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் படம். கப்பல் மூழ்கிவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று எழுத்து வந்தது. பேலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கப்பல் வர நாளாகுமாம்மா."

ஆனால் நாற்காலி நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நடுக்கம் அடங்கி, ஒற்றைக் குழாய் மட்டும் மெலிதாக அழுதது.

"ரோசெக் அப்படி வாசிக்கலையே," என்றாள் அம்மா. "என்ன எழுதியிருக்கு?"

"செத்துட்டானா இல்லியா? சொல்லித் தொலையேன்டி!" என்றாள் கபின்ஸ்கா.

பேலா சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா அவள் கையை விடவில்லை. "எனக்காகப் பொய் சொல்லாத. உங்கப்பா செத்த அன்னிக்கும் லேசான அடின்னுதான் சொன்னாங்க. நான் சூப்பைச் சூடு பண்ணி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பேசும்படம் வந்தது. ஆர்கனைத் துணிபோட்டு மூடினார்கள். ரோசெக் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிக்கப் போனார். பேலா வாய் திறந்தால் நாலாபுறமும் "உஷ்!" என்றார்கள். அம்மா பாதிப் படத்தில் எழுந்துவிட்டாள்.

"எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. எங்கிட்ட மட்டும் யாரும் பேசல," என்றாள். அதற்குப் பிறகு அவள் தியேட்டர் வாசலை மிதிக்கவேயில்லை.

லூசெர்ன் சிலகாலம் நாற்காலி, மேசை விற்கும் கடையாக இருந்தது. பின்பு இடித்தார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில் பேலா வேலியோரம் நின்று பார்த்தாள். பக்கச் சுவர் விழுந்ததும் குழாய்கள் வெயிலில் தெரிந்தன. எத்தனையோ வருஷம் கேட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். ஆட்கள் அவற்றை நசுக்கிப் பழைய உலோகக்காரனின் லாரியில் ஏற்றினார்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது பேலாவின் தலையிலும் நரை விழுந்திருந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, குளிர்காலம் தாண்டாது என்றார். சொல்லும்போது அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா.

"சரியாயிடும்னு சொல்லிடுங்க," என்றார் டாக்டர். "பாவம், வயசானவங்க."

இந்த அறையில் ஆர்கன் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. அவள் எதைச் சொன்னாலும் அம்மா நம்பியாக வேண்டும். பேலா நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் காதருகே குனிந்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் போலிஷில் சொன்னாள். குளிர்காலத்தையும் சொன்னாள்.

அம்மா டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கு நன்றி சொல்லு."

பேலா அதை இங்கிலீஷில் சொன்னாள்.