அந்தப் படிவத்தின் மேல் கை வைத்து ஜெபித்தார்கள்

கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, சிட்னியின் ஹோம்புஷ் மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற நேரம். வலது கையில் கடித்த பணிஸ், இடது கையில் கோப்பை. நான் கோப்பையை விடவில்லை. விரல்கள் விட்டுவிட்டன. விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன்.

"விளையாட்டில பந்தைத்தான் தொடமாட்டாய், கோப்பையையும் பிடிக்கமாட்டியோ தம்பி?" என்று கேட்டார் ரூபி அன்ரி. எங்கள் சபையில் ஜெபக்குழுவை நடத்துகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழுக்கிவிட்டது என்றேன். அது பொய்.

போன குளிர்காலத்தில் நடந்தது இது. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடினேன். சொன்னதும் சிலர் ரக்பி என்பார்கள், சிலர் உதைபந்து என்பார்கள். இரண்டும் இல்லை. தலைக்கவசம் போட்டு மோதுகிற விளையாட்டு. அதில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் வரிசையாக நிற்போம். எதிரணிக்காரன் அவனை அடித்து விழுத்தாமல் மறிப்பதுதான் எங்கள் வேலை. பந்து எங்கள் கைக்கு வராது. நாங்கள் நன்றாகச் செய்தால் எங்கள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. பிழை விட்டால் மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் எங்கள் சட்டை இலக்கத்தைச் சொல்லுவார். பந்து அசைவதற்கு முன் நாங்கள் அசைந்தால் அது பிழை. மஞ்சள் கொடி விழும்.

எனக்கு அதிகம் விழுந்தது அந்தக் கொடிதான். என் சுபாவமே அப்படி. ஒரு இடத்தில் நிற்க வராது. ஆறு வருடத்தில் சிட்னியில் மூன்று அணி, மெல்பேர்னில் ஒன்று, திரும்பவும் சிட்னியில் ஒன்று. ஒரு அணி ஆள் போதாமல் மூடப்பட்டது. ஒன்றில் அமெரிக்காவில் இருந்து வந்தவனுக்கு என் இடத்தைக் கொடுத்தார்கள். மற்ற இடங்களை நானாகத்தான் விட்டேன். இங்கே எனக்குச் சரிவராது, அடுத்த இடத்தில் சரிவரும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். பயிற்சிப் பையை நான் காரை விட்டு இறக்கியதே இல்லை. சபையும் அப்படித்தான் மாற்றினேன். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னமே எழும்பிவிடுவேன்.

அடிபடும்போது கழுத்திலிருந்து இடது கைக்கு நெருப்புப்போல ஓடும். சில நிமிடத்தில் போய்விடும். எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். பிறகு அது போக அரை நாள் எடுத்தது. பிறகு விரல்கள் விறைத்தபடியே இருந்தன. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே ஒரு கழகத்துக்கு ஆள் தேடிப் பயிற்சியாளர் ஒருவர் மெல்பேர்ன் வருகிறார், ஒரு சனிக்கிழமை தேர்வு வைப்பார். தெரிவானால் விளையாட்டே என் வேலை. எனக்கு இருபத்தாறு வயது. இனி ஒரு கதவு திறக்காது என்று தெரியும். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, இந்தக் கையைத் திருப்பித் தாரும், இந்தக் கதவைத் திறவும்" என்று கேட்டேன். வேலைத்தலத்தில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டும் கேட்டேன். கை அப்படியே இருந்தது.

தேர்வுக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் கேட்டார்கள். ஏழாவது கேள்வி: கடந்த ஒரு வருடத்தில் கையிலோ காலிலோ விறைப்பு இருந்ததா? நான் 'இல்லை' என்ற பெட்டியில் கோடு போட்டேன்.

படிவங்களைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் மன்னார்ப் பக்கம் கடல்தொழில் செய்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்தவர். முதல் விசாரணையில் ஒரு மாதத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். அதைத் திருத்திச் சொல்ல அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லுவார். பிறகு நாங்கள் வந்தோம். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுப் படிவம் எல்லாம் நான்தான் நிரப்பினேன். அப்பா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரிக்கும் "உள்ளதை எழுது மகன்" என்பார். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்துத்தான் அந்தப் பெட்டியில் கோடு போட்டேன்.

படிவத்தின் கடைசியில் சாட்சிக் கையொப்பம் வேண்டும். அப்பாவிடம் நீட்டினேன். ஆங்கிலத்தில் அவருக்கு எழுதத் தெரிந்தது அவருடைய பெயர் மட்டும்.

"என்ன எழுதியிருக்கு?"

"நான் சுகமா இருக்கிறன் எண்டு."

"அப்பச் சரி." ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் கையொப்பம் வைத்தார்.

அத்தோடு நின்றேனா? இல்லை. விசாக் கடிதம், வீட்டுக் கடன் பத்திரம் எதுவென்றாலும் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவுக்குக் கொண்டுவந்து, நடுக் கதிரையில் வைத்து, எல்லோரும் கை வைத்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். தேர்வுக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை நான் இந்தப் படிவத்தைக் கொண்டுபோனேன். பொய் எழுதிய காகிதத்தின் மேல் பதினைந்து பேர் கை வைத்தார்கள். என் அப்பாவும் வைத்தார்.

ரூபி அன்ரி கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்தப் பேப்பரில இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் நீர் பாரும். ஒண்டையும் விடாமப் பாரும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கோ அந்த இடத்திலிருந்து எழும்பி ஓட வேண்டும்போல இருந்தது. அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ரயிலில் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி வருவேன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மெல்பேர்ன் போனேன். கேரம் டவுன்ஸ் பக்கம் ஒரு மைதானம். காலையில் மழை பெய்து புல் நனைந்திருந்தது. முதலில் ஒருவனோடு ஒருவன் மோதுகிற பயிற்சி. மூன்று பேரை மறித்துத் தள்ளினேன். ஜெர்மனிப் பயிற்சியாளர் தன் புத்தகத்தில் எதையோ எழுதினார். மனம் துள்ளியது.

பிறகு முழு ஆட்டம். என்னை இடது ஓரத்தில் விட்டார்கள். பந்தை எறிகிறவன் லியாம் என்று ஒரு பையன், அன்றைக்குத்தான் அறிமுகம். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம் தெரியாது. அங்கேயிருந்து வருகிற அடியை அவனால் பார்க்கவே முடியாது. அதனால் எங்கள் வேலையில் இடது ஓரத்துக்காரனை நம்பித்தான் அவன் முதுகைத் திருப்புவான். "யூ காட் மீ, பிக் மேன்?" என்று, என்னைக் காப்பாய்தானே என்பதுபோல, என் தோளில் தட்டினான். ஓம் என்று தலையாட்டினேன்.

குனிந்து இடது கையைத் தரையில் ஊன்றினேன். புல்லின் ஈரம் தெரியவில்லை. குளிர் தெரியவில்லை. கை இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. "இயேசுவே, ஒரு பத்து நிமிடத்துக்காவது தாரும்" என்று கேட்டேன். காதுக்குள் அன்ரியின் குரல்தான் கேட்டது. ஒவ்வொரு எழுத்தையும் பாரும்.

பந்து இன்னும் அசையவில்லை. நான் எழும்பி நின்றேன்.

விசில். மஞ்சள் கொடி. பயிற்சியாளர் கத்திக்கொண்டு வந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவசரத்தால் அல்லாமல் அந்தப் பிழையை விட்டேன். "என் கையில் உணர்வு இல்லை. பல மாதமாக இல்லை. படிவத்தில் பொய் எழுதினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். வேறொருவனைக் கூப்பிட்டார். லியாம் என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட வலித்தது.

நான் ஆண்டவர் மேல் கோபப்பட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்னேனே, இப்போதாவது கையைத் தந்திருக்கலாமே என்று விமானத்தில் வரும்போது கேட்டேன்.

பத்து நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். வைத்தியர் படத்தைக் காட்டினார். கழுத்தெலும்புக்குள் நரம்பு போகிற பாதை எனக்குப் பிறவியிலேயே ஒடுக்கமாம். அதற்குள் முள்ளந்தண்டு வட்டு ஒன்றும் பிதுங்கியிருந்தது. "நீங்கள் விளையாட்டை எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னொரு அடி பிழையாகப் பட்டிருந்தால், கழுத்துக்குக் கீழே ஒன்றும் உங்கள் சொல் கேட்டிருக்காது" என்றார்.

அந்த அறையில்தான் நான் அழுதேன். நான் ஒரு கையைக் கேட்டேன். ஆண்டவர் என் இரண்டு காலையும் காப்பாற்றினார். நான் திறக்கச் சொன்ன கதவைத் திறந்திருந்தால், அந்தக் கதவால் என்னைத் சக்கரக் கதிரையில்தான் வெளியே கொண்டுவந்திருப்பார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுதான் மகன்," என்றார். "ஆனா நீ உள்ளபடி வாசிச்சா விளங்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் எழும்பி நின்று அறிக்கை செய்தேன். உங்கள் கைகளை ஒரு பொய்யின் மேல் வைக்கவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். ரூபி அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நாங்கள் பாரும் எண்டு கேட்டனாங்கள். அவர் பார்த்துப்போட்டார். பிறகென்ன? இரு தம்பி."

இருந்தேன்.

சிகிச்சைக்குப் பிறகு இப்போது கையில் உணர்வு திரும்பிவிட்டது, சின்ன விரல் மட்டும் மந்தம். விளையாட்டு முடிந்தது. சனிக்கிழமை காலையில் இன்றைக்கும் கால் பரபரக்கும். புதிதாக எங்காவது போய்விடலாம் என்று தோன்றும். அது முற்றாகப் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் ஒரு வருடமாக ஒரே சபை, ஒரே வேலைத்தலம். பரபரப்பு வந்தால் அதையும் உள்ளபடி ஆண்டவரிடம் சொல்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கலாம். ஒரு விசா, ஒரு வேலை, ஒரு ஸ்கேன் முடிவு. கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். அழகாக்கி, நல்ல பிள்ளையாக நின்று கேட்க வேண்டாம். கை விறைத்திருந்தால் விறைத்திருக்கிறது என்றே சொல்லுங்கள். அவர் நீங்கள் கேட்டதைத் தராமல் போகலாம், எனக்கும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. இன்று காலை நான் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போனேன். ஒவ்வொரு அடிக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.