பெரிய ஸ்க்ரீன் வந்த வழி

இன்று வேலை முடிந்ததும், வாசுகியின் அக்கா மகளுக்கு ஒரு கேம் வாங்கலாம் என்று காஜா பெராங்கில், பழைய கேம் செட்களையும் வாங்கி விற்கும் கடைக்குப் போனேன்.

வாசுகியைத் தெரியாதவர்களுக்கு: எங்கள் பத்து பெரெண்டாம் ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கேம் செட்டைக் கையில் வைத்து என்னோடு விளையாடிக்கொண்டே வருகிறவள்.

போன வாரம் கேட்டாள். "அக்கா மக கால ஒடச்சிக்கிட்டு வீட்டுல படுத்திருக்காடி. ஒன் கேம் செட்ட அவளுக்குக் குடேன். பாவம் லா."

அப்படியென்றால் எனக்குப் பெரிய ஸ்க்ரீன் வைத்த புது செட் வாங்கிக்கொள்ளவா என்றேன். "அதெல்லாம் வேஸ்ட்டுடி, கைப்பைக்குள்ளகூடப் போவாது."

நம்பினேன். என் செட்டைச் சார்ஜரோடு சும்மாவே கொடுத்தேன். நேற்றுகூட பஸ்ஸில், "நீ வெளையாடாம நான் மட்டும் எப்பிடிடி" என்று கையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இன்று கடையின் கண்ணாடி அலமாரிக்குள் என் செட் இருந்தது. பின்பக்கம் நான் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"எடுத்துக்கம்மா, ஒரே ஆள் யூஸ் பண்ணது" என்றார் கடைக்காரர். "பத்து பெரெண்டாம் ஃபேக்டரி பொண்ணு ஒன்னு, இதையும் அவங்களோடதையும் குடுத்துட்டு, பெரிய ஸ்க்ரீன் எடுத்துட்டுப் போனாங்க."

அந்த ஒரே ஆள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

வாங்க வந்த கேமை வாங்கிவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் வாசுகியிடம் கொடுத்து, பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறேன்.

பெரிய ஸ்க்ரீனில் இந்த கேம் ஓடும்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.